தகட்டுக்குள் ஒரு பெயர்

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வல்லம் போகிற வழியில் ஒரு மாடி வீடு. கீழே டிபன் கடை, மேலே ஒரே அறையில் ஆறு பேர். எல்லோரும் ஐடிஐ, டிப்ளமோ முடித்துக் கம்பெனி வேலைக்கு வந்த பையன்கள். ஞாயிற்றுக்கிழமை பாய்களைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டால் அதுதான் அவர்களுடைய கம்ப்யூட்டர் கிளப். காயலான் கடையில் எடைக்கு வாங்கிய இரண்டு பழைய கம்ப்யூட்டர்களைக் கழற்றி ஒன்றாக்கி, லினக்ஸ் ஏற்றி வைத்திருக்கிறார்கள். பக்கத்து விடுதியிலிருந்து மூன்று பெண்களும் வருகிறார்கள். நான் போன அன்று பாடம் சிடி.

"இந்தக் காலத்துல எதுக்குப்பா சிடி?" என்றேன். ஒருவர் அலமாரியிலிருந்து உறை உறையாக எடுத்துப் போட்டார். அக்கா கல்யாணம், தங்கச்சி மஞ்சள் நீராட்டு, தாத்தாவின் அறுபதாம் கல்யாணம். ஊரில் இருந்த பிளேயர்கள் பழுதாகிப் பல வருடம் ஆகிறது. புது லேப்டாப்பில் சிடி போட வழியே இல்லை. நானும் வெறும் கையோடு போகவில்லை. 2004-இல் நடந்த என் தங்கை கல்யாணத்தின் மூன்று சிடிகளில் இரண்டாவது என் பையில் இருந்தது. அது ஓடாது.

சொல்லிக்கொடுக்க வந்தவர் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஸ்டூடியோவில் வருடக்கணக்காக எடிட்டிங்கும் சிடி ரைட்டிங்கும் பார்த்தவர். எல்லோருக்கும் அண்ணன். 2006-இல் நோக்கியா ஆலை வந்தபிறகு கம்பெனிக்காரர்கள் கல்யாணமாகவே குவிந்ததாம். ஒரு விசிடியில் 80 நிமிடத்துக்கு மேல் கொள்ளாது. அதனால்தான் கல்யாணங்கள் மூன்று தகடாகப் பிரிந்தன: வரவேற்பு, முகூர்த்தம், மிச்சம். ஐம்பது செட் கேட்டால் நூற்றைம்பது தகடு.

"அப்பல்லாம் ரைட் ஆகும்போது மவுஸைத் தொட விடமாட்டேன். கம்ப்யூட்டர் ஒரு நொடி திணறினாப் போதும், தகடு குப்பைக்குத்தான்." எழுதத் தொடங்கிய லேசர் நின்று காத்திருக்காது, தகவல் வரத்து அறுந்தால் தடம் அங்கேயே முடிந்துவிடும். 2000-இல் சான்யோ நிறுவனம் விட்ட இடத்திலிருந்து தொடரும் நுட்பத்தைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தப் பயம் குறைந்தது. கரண்ட் போனால் அதுவும் உதவாது. ஸ்ரீபெரும்புதூரில் அன்று கரண்ட் எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை, அவர் முகமே சொல்லியது. வேகம் 52 என்று உறையில் போட்டிருந்தாலும் 16-க்கு மேல் வைக்க மாட்டாராம். அந்த வேகத்தில் முழுத் தகடு ஐந்து நிமிடம். அதற்குள் ஒரு டீ.

பிறகு ஒரு வீணான தகட்டின் மேல்பக்கத்தில் பிளேடால் லேசாகக் கீறி, செலோடேப்பை அழுத்தி ஒட்டி, சுருக்கென்று இழுத்தார். வெள்ளிப்பூச்சு அப்படியே டேப்போடு வந்துவிட்டது. கையில் மிஞ்சியது கண்ணாடி போன்ற வட்டம், ஓரத்தில் வெளிர்பச்சைச் சாயம். "எல்லாரும் அடிப்பக்கத்தைப் பூப்போலப் பார்த்துக்குவாங்க. உயிர் மேல இருக்கு." 1.2 மில்லிமீட்டர் தடிமனில் பெரும்பங்கு பாலிகார்பனேட்தான். லேசர் சூட்டில் தழும்பேறித் தகவலைத் தாங்கும் சாயமும், அதற்கு மேல் வெள்ளியும், லேபிளுக்கு அடியில் மெல்லிய வார்னிஷின் கீழ் உட்கார்ந்திருக்கின்றன.

கார் உதிரிபாகக் கம்பெனியில் மோல்டிங் மிஷினில் நிற்கும் பையன் அந்த வட்டத்தை வாங்கித் தட்டிப்பார்த்தான். "ஹெட்லைட் மூடிக்கும் இதே மெட்டீரியல்தாண்ணே." வெறும் சிடியிலும் லேசருக்கு வழிகாட்ட ஒரு சுருள் பள்ளம் இருக்கும். உருகிய பாலிகார்பனேட் அச்சில் பாயும்போதே அது பதிந்துவிடுகிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.6 மைக்ரான். என் தகட்டில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்தது போன் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் பார்க்கும் பெண். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, "சார், இங்க பொத்தல்" என்றார். மணமக்கள் பெயர் அச்சிட்ட ஸ்டிக்கர் ஓரத்தில் சுருண்டு, கூடவே வெள்ளியையும் உரித்திருந்தது. உள்வட்டம் மட்டும் முழுசாக இருந்தது. சிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுவது. எனவே தொடக்கம் பிழைத்திருக்க வேண்டும்.

டிரைவில் போட்டு ஒரு கட்டளை அடித்தார்கள். திரையில் 97:17:06 என்று வந்தது. 80 நிமிடத் தகட்டில் ஏது 97-ஆவது நிமிடம்? அந்த வழிகாட்டிப் பள்ளத்தின் நெளிவிலேயே பதிந்திருக்கும் குறியீடு அது. தயாரிப்பாளரைக் காட்டும். மோசர் பேர், நொய்டா. 1983-இல் நேரப்பதிவுக் கருவிகளில் தொடங்கி, பிளாப்பி செய்து, 1999-இல் சிடிக்கு வந்த கம்பெனி. 28 ரூபாய்க்குத் தமிழ்ப்பட விசிடி விற்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உலகப் பிராண்டுகள் பலவற்றுக்கும் தகடு செய்து கொடுத்தது, 2018-இல் கலைப்பு உத்தரவோடு முடிந்தது. என் தகட்டின் மையத்தில் அச்சாகியிருந்ததோ வேறொரு வெளிநாட்டுப் பெயர்.

எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அறையில் இருந்த யாருக்கும் இல்லை. "எங்க லைனும் இதே கதைதான் சார். செய்யறது ஒரு கம்பெனி, பெட்டியில வர்றது வேற பேரு," என்றார் அந்தப் பெண். மோல்டிங் பையன் சிரித்தான்: "டை ஒண்ணுதான். ஸ்டிக்கர்தான் மாறும்."

படம் இருபத்திரண்டு நிமிடம் ஓடியது. பந்தி வாசலில் என் அப்பா ஒவ்வொருவரையும் தோளைத் தொட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் இப்போது இல்லை. கேமராவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது கட்டம் கட்டமாகச் சிதறி நின்றது. அதுவரை உள்ளதைக் காப்பி எடுத்து, புதுத் தகட்டிலும் பென்டிரைவிலும் போட ஆரம்பித்தார்கள்.

"நீங்க எழுதின தகட்டுல எங்கயாவது உங்க பேர் போட்டிருக்கீங்களாண்ணே?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"இல்லம்மா. மாப்பிள்ளை பொண்ணு பேரு, தேதி, கடைப் பேரு. கடை என்னுது இல்லையே."

திரையில் தகட்டுக்குப் பெயர் கேட்டுக் கட்டம் மினுங்கியது. அப்பா பெயரைச் சொன்னேன். அந்தப் பெண் அதை அடித்துவிட்டு, ஒரு கோடு போட்டு, அண்ணன் பெயரையும் சேர்த்தார். கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. இரண்டாவது ஷிப்ட். மூன்று பெண்களும் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். தகடு வெளியே வர இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.