மண் சேர்ந்தது, பங்கு சேரவில்லை

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்கு சுமார் எட்டு கிலோமீட்டர். இந்த எட்டு கிலோமீட்டருக்குள் ஒரு காலத்தில் நாடு மாறியது. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி ஜில்லா. செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை. 1948இல் செங்கோட்டையிலிருந்து தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த என் ஆச்சி, சக்கரமும் பணமும் புழங்கிய ஊரிலிருந்து அணாவும் ரூபாயும் புழங்கிய ஊருக்கு வந்தாள். "சீமை விட்டுச் சீமை வந்தவ" என்று மாமியார் வீட்டில் சொல்வார்களாம்.

அந்தக் கோடு எங்கே இருக்க வேண்டும் என்பதற்குப் பெரிய போராட்டம் நடந்தது. 1947 ஜூனில் திவான் சி.பி. ராமசாமி ஐயர், திருவிதாங்கூர் தனிநாடாகவே இருக்கும் என்று அறிவித்தார். ஜூலை முடிவதற்குள் அவர் வெட்டுப்பட்டார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைய ஒத்துக்கொண்டது. தனித்து நிற்க மன்னருக்கு உரிமை உண்டென்றால், அவருடைய சீமையிலிருந்து பிரிந்துபோக மக்களுக்கு உரிமை கிடையாதா? நேசமணி முன்னின்று நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழ் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்கச் சொன்னது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று தெற்கே நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை திருநெல்வேலியோடு சேர்ந்தது. கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை.

உலகத்தில் இன்றும் பல போர்களுக்கு அடியில் கிடப்பது இதே வழக்குதான். 1945இல் எழுதப்பட்ட ஐ.நா. சாசனம் மக்களின் சுயநிர்ணய உரிமையையும் சொல்கிறது. நாடுகளின் ஆட்புல ஒருமைப்பாட்டையும் சொல்கிறது. இரண்டும் மோதினால் எது பெரியது என்று சொல்லவில்லை. அரசு வரைபடத்தைக் காட்டுகிறது. பிரிய நினைப்பவர்கள் மக்களைக் காட்டுகிறார்கள். அந்த 'மக்கள்' யார் என்று இரண்டு பக்கத்திலும் அதிகம் கேட்பதில்லை. ஆச்சியின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆச்சி கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. அதற்குச் சீதனம் என்று பெயர். கல்யாணத்திலேயே சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. எட்டு கிலோமீட்டர் கிழக்கே, தென்காசிக் கிறிஸ்தவக் குடும்பத்து மகளுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்குச் சமமான பங்கு.

1956இல் கோடு அழிந்ததும் இந்த வித்தியாசமும் அழிந்திருக்க வேண்டும் அல்லவா? அழியவில்லை. பழைய சமஸ்தானத்துச் சட்டம் அந்த மண்ணிலேயே கிடந்தது. 1965இல் ஆச்சியின் அப்பா தவறியபோது, புளியரைப் பக்கம் இருந்த வயலை அண்ணன்மார் மூவரும் பிரித்துக்கொண்டார்கள். ஆச்சிக்குப் போட்ட நகையோடு கணக்கு முடிந்தது. 1978இல்கூட, அந்தச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்ற அமர்வு சொன்னது. 1986 பிப்ரவரியில், மேரி ராய் தொடுத்த வழக்கில்தான், 1951 ஏப்ரல் 1 முதலே அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, செங்கோட்டை தமிழ்நாட்டுக்கு வருவதற்கு ஐந்து வருஷம் முன்பே ஆச்சிக்குச் சமபங்கு வந்துவிட்டது. அதை அவளிடம் சொல்லத்தான் ஆளில்லை.

அந்த வருஷச் சாரலில், குற்றாலம் மெயின் அருவியில், பெண்கள் பக்கத்தில் முறைக்கு நிற்கும்போது ஆச்சியிடம் சொன்னேன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், கேஸ் போட்டுவிடலாம் என்ற வேகம். தலையில் எண்ணெய் வழிய நின்றவள் சொன்னாள்: "கோர்ட்டு சொன்னது சரிதாம்ட்டி. பங்குன்னு கேட்டுட்டா, நாளைக்கு ஒண்ணுன்னா எந்த வாசல்ல போயி நிப்பேன்? அண்ணன் வீடுன்னு ஒண்ணு வேண்டாமா?"

நிலம் துண்டு துண்டாகிவிடும், குடும்ப ஒற்றுமை கெட்டுவிடும் என்பது அண்ணன்மார் சொன்ன காரணம். மூன்று ஆண்கள் பிரித்தபோது அது பாகம். நான்காவதாக ஒரு பெண் கேட்டால் மட்டும் துண்டாடல். ஒருமைப்பாடு என்ற சொல் நாடாளுமன்றத்துக்குப் போவதற்கு முன்னால் நம் வீட்டுக் கூடத்தில் புழங்கிய சொல் என்று எனக்கு அன்று தோன்றியது.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதைப் பார்க்கிறேன். 1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாடு கேட்டது. 1983இல் இலங்கை அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் அப்படிக் கேட்பதையே தடை செய்தது. 2009 வரை நடந்த போரில் இரு தரப்பும் உரிமை கொண்டாடிய அந்த யாழ்ப்பாணத்து மண்ணில், தேசவழமைச் சட்டப்படி, மணமான பெண் தன் பெயரிலுள்ள நிலத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். போர் முடிந்த பிறகும் அந்த விதி நீடித்தது. கணவன் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால், வராத சம்மதத்துக்காக அவள் நீதிமன்றப் படியேற வேண்டும். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரப் பந்தலில் உட்கார்ந்த தாய்மார் முதலில் கேட்டது, பிள்ளைகள் எங்கே என்பதைத்தான்.

சுயநிர்ணயம் வெறும் பேச்சு என்று நான் சொல்லவில்லை. தாலுகா ஆபீஸில் தன் மொழியில் மனு எழுத முடிவது சின்ன விஷயமல்ல. அதற்காகத்தான் ஆட்கள் செத்தார்கள். ஆனால் ஒரு மக்கள் கூட்டம் தன் தலைவிதியைத் தானே எழுதப்போகிறது என்றால், அந்தத் 'தானே'க்குள் பெண் இருக்கிறாளா என்று எழுதும்போதே கேட்க வேண்டும். முதலில் மண் வரட்டும், உங்கள் விஷயத்தை அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். செங்கோட்டையில் அந்த 'அப்புறம்' வருவதற்கு முப்பது வருஷம் ஆனது.

ஆச்சி கடைசிவரை பங்கு கேட்கவில்லை. அம்மா இறந்த பிறகு தென்காசி வீட்டை நானும் தம்பியும் சரிபாதியாகப் பிரிக்கப் போனோம். பத்திரம் எழுதுபவர் என்னைப் பார்க்காமல் தம்பியிடம் கேட்டார்: "அக்கா விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போடத்தான வந்திருக்காங்க?"

"இல்ல அண்ணாச்சி, பாகப்பிரிவினைக்கு" என்றேன் நான்.