இறுதி ஆசீரும் எட்டுப் பத்து வண்டியும்

ஞாயிறு திருப்பலியில் நற்கருணை வாங்கிய கையோடு கோவிலைவிட்டு வெளியேறுவோரைக் கண்டால் குருக்களுக்கு உண்டாகும் மனவருத்தம் வாசகர்கள் அறியாததன்று. எட்டயபுரத்தில் நாம் பணிப்பொறுப்பேற்ற 2021-ஆம் ஆண்டில் நமக்கும் அவ்வருத்தம் மிகுதியாகவே இருந்தது. ஏழு மணித் திருப்பலியில், நற்கருணை முடிந்ததும் பின்வரிசையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் எழுந்து போவார்கள். எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தவறாமல் அவர்களுள் இருப்பார். மூன்று வாரம் பொறுத்தோம். நான்காம் வாரம் மறையுரையிலேயே அதைத் தொட்டோம். ஆண்டவரின் இறுதி இராவுணவில் இடையில் எழுந்து போனவன் யார் என்று ஒரு கேள்வியையும் கேட்டு வைத்தோம். மக்கள் சிரித்தார்கள். பொருத்தமாகச் சொல்லிவிட்டோம் என்ற நிறைவு நமக்கு.

அடுத்த ஞாயிறு அம்மூதாட்டி முன்னதாகவே வந்து, நாம் திருவுடை அணியும் அறையின் வாயிலில் நின்றார்.

“தோத்திரம் சாமி. ஆசீர் வேண்டாம்னு நாங்க போகலை. எட்டுப் பத்துக்கு எங்க ஊரு வண்டி. அதை விட்டா அடுத்தது ஒன்றரை மணிக்குத்தான். நான் சர்க்கரைக்கு மாத்திரை போடுறவ. அதுவரைக்கும் பசியோட உக்காந்திருக்க முடியலை சாமி.”

அவர் குரலில் கோபம் இல்லை; கடை வாயிலில் கணக்குச் சொல்வது போலச் சொன்னார். நமது திருப்பலியோ, மறையுரையும் அறிவிப்புகளும் சேர்ந்து, எட்டேகாலுக்கு முன் முடிந்ததில்லை. பங்கு மக்கள் எந்த வண்டியில் வருகிறார்கள், எதில் திரும்புகிறார்கள் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. நமக்கு மோட்டார் சைக்கிள் இருந்தது.

அன்று முதல் நல்ல சமாரியர் உவமை நம்மை விடவில்லை. எரிக்கோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனருகே முதலில் வந்தவர் ஒரு குரு. அவர் கொடியவர் என்று ஆண்டவர் சொல்லவில்லை. கண்டார், விலகிப் போனார் என்று மட்டுமே சொன்னார். கிளைக்கிராமங்களுக்குப் போகும் வழியில் வேப்பமர நிழலிலும், மரமில்லாத இடங்களில் வெயிலிலும், முக்காட்டைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கும் பெண்களை நாமும் நாள்தோறும் கண்டோம். கையசைத்து வாழ்த்திவிட்டு விலகிப் போனோம்.

2022-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் மோட்டார் சைக்கிளைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, எங்கும் பேருந்திலேயே செல்வது என்று முடிவு செய்தோம். தவமாகத் தொடங்கியது; பிறகு அதுவே பாடமாயிற்று.

எட்டயபுரம் பாரதியார் பிறந்த ஊர். உமறுப்புலவர் அடங்கிய ஊர். முத்துசாமி தீட்சிதர் 1835-இல் மறைந்த ஊர். தொலைவிலிருந்து அறிஞர்கள் கார்களில் வந்து கண்டு செல்கிறார்கள். ஆனால் இங்கு இரயில் கிடையாது. பெரிய மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் இரயிலுக்கும் மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் உள்ள கோவில்பட்டிக்கே போகவேண்டும். சுற்றியுள்ள கரிசல் கிராமங்களுக்கோ முதலில் எட்டயபுரம் வந்து சேர்வதே ஒரு பயணம். மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே நான்குவழிச்சாலையில் வண்டிகள் விரைகின்றன. அச்சாலையைவிட்டு மூன்று நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊருக்கு அந்த விரைவினால் யாதொரு பயனுமில்லை. அங்கே நாளுக்கு நான்கு நடை வரும் ஒரு நகரப் பேருந்துதான் மக்களுக்குக் கால்.

அந்தப் பேருந்தில் நாற்பது நாள் நின்றும் அமர்ந்தும் போனோம். சனிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் போகிறவர்களின் பேச்சைக் கேட்டோம். பிரசவத்திற்கு நாள் குறித்த பெண்ணுக்கு எழுந்து இடம் தந்த பள்ளிச் சிறுவனைக் கண்டோம். நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்ற வண்டியை நோக்கி முதியவர்கள் ஓடியதையும், ஏறுமுன் அது புறப்பட்டதையும் கண்டோம். ஓட்டுநரையும் நடத்துநரையும் பழிப்பது எளிது. அவர்களோடு பேசிப் பார்த்தபோது, பழைய வண்டி, நெருக்கமான நேரக்கணக்கு, வசூல் குறைந்தால் கேள்வி என்று அவர்களுக்கும் ஒரு சிலுவை இருப்பது தெரிந்தது.

ஒருநாள் அம்மூதாட்டியின் அருகே இடம் கிடைத்தது. அவர் இளமைக் கதை சொன்னார். அவர் ஊருக்கு நாள் தவறாமல் வந்த முதல் வண்டி அரசுப் பேருந்து அன்றாம். தீப்பெட்டித் தொழிற்சாலையின் வண்டியாம். கோழி கூவுமுன்னே ஊர் வாயிலில் வந்து நிற்குமாம். மழையிலும் நிற்குமாம். பிள்ளைகள் தூக்கக் கண்ணோடு ஏறுவார்களாம். 1980-களில் இப்பகுதியிலும் சிவகாசிப் பக்கத்திலும் இவ்வாறு சிறுவர் சிறுமியர் இருட்டிலேயே ஏற்றிச் செல்லப்பட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. காலப்போக்கில் அந்த வழக்கமும் ஒழிந்தது. ஆயினும் ஒன்று நம் நெஞ்சைத் தைத்தது. தொழிற்சாலைக்கு அப்பிள்ளைகள் தேவைப்பட்டபோது அவர்கள் வீட்டு வாயிலுக்கே வண்டி வந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குக் கல்வி தேவைப்படும்போது, வண்டி அவர்களுடைய வசதிக்கு வரவில்லை.

இது வெறும் உவமையன்று. அதே ஊரில் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் ஒரு பெண் படித்துக்கொண்டிருந்தாள். முன்பு மாலை ஆறு மணிக்கு எட்டயபுரத்திலிருந்து அவ்வூருக்கு ஒரு நடை இருந்தது. கொரோனாவால் 2020 மார்ச் மாதத்தில் பேருந்துகள் யாவும் நின்றபோது அதுவும் நின்றது. மற்றவை திரும்ப வந்தன, அது வரவில்லை. கடைசி நடை நாலரை மணி. கோவில்பட்டியில் வகுப்பு முடிவதே நாலு மணிக்கு. எனவே அவள் பெருஞ்சாலையில் இறங்கி, இருபுறமும் சீமைக்கருவேலம் அடர்ந்த பாதையில் மூன்று கிலோமீட்டர் நடந்து போவாள். கார்த்திகை மாதத்தில் ஊர் சேர்வதற்குள் இருட்டிவிடும். ஒருநாள் அவள் தந்தை, “படிச்சது போதும்” என்று சொல்லிவிட்டார்.

செய்தி கேட்டு நாம் என்ன செய்தோம்? வழக்கமாகச் செய்வதையே செய்தோம். வறுமை காரணம் என்று நாமே எண்ணிக்கொண்டு, பங்கு உதவிநிதியிலிருந்து ஒரு பருவக் கட்டணத்தை உறையிலிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் இரு கைகளாலும் வாங்கி, நெற்றியில் ஒற்றி, திருப்பிக் கொடுத்துவிட்டார். “பணம் புரட்டிருவேன் சாமி. வண்டிதான் இல்லை.”

அந்த உறையோடு திரும்பி வந்த இரவில் நமக்கு உறக்கம் வரவில்லை. இரக்கத்திற்கும் நீதிக்கும் உள்ள வேறுபாட்டைக் குருமடத்தில் பயின்று தேர்வும் எழுதியிருக்கிறோம். அதைக் கையில் தொட்டுப் பார்த்தது அன்றுதான். நம்மிடம் இருந்ததை நாம் கொடுத்தோம். அவருக்கு வரவேண்டியது வேறோர் இடத்தில் நின்றுபோயிருந்தது. அதே 2021 மே மாதம் முதல் பெண்கள் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். இந்நாட்டின் ஏழைப் பெண்களுக்குக் கிடைத்த பெரும் நன்மை அது, ஐயமில்லை. ஆனால் வராத வண்டியில் கட்டணம் இல்லாமையால் யாருக்கு என்ன பயன்?

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலைப் படைப்பைக் காக்கும் மடல் என்றே நினைத்திருந்தோம். மீண்டும் எடுத்துப் பார்த்தபோது அதில் பேருந்தும் இருந்தது. நெரிசலும், வசதிக் குறைவும், போதிய நடைகள் இல்லாமையும் பயணம் செய்வோரின் மனித மாண்பைக் குலைப்பதை அவர் எடுத்துரைக்கிறார். அடுத்த பத்தியிலேயே நாட்டுப்புற மக்களுக்கு அடிப்படைச் சேவைகள் எட்டாமையையும் நினைவூட்டுகிறார். புவனோஸ் ஐரஸ் பேராயராக இருந்தபோது பேருந்திலும் சுரங்க இரயிலிலும் பயணம் செய்தவர் அவர். நின்று பார்த்தவர் எழுதிய பத்தி அது.

மறுநாளே மனு எழுத அமர்ந்தோம். பங்கின் முகவரித்தாளில், நமது கையொப்பத்தோடும் முத்திரையோடும். அதிகாரிகளுள் நமக்கு அறிமுகமான ஒருவரும் இருந்தார். அன்பியக் கூட்டத்தில் இதைப் பெருமையோடு சொன்னபோது, அன்பியத் தலைவி மெல்லத் தடுத்தார். “சாமி, நீங்க எழுதினா அது கோவில் வண்டி ஆயிரும். தெக்குத் தெருக்காரங்க கையெழுத்துப் போடமாட்டாங்க. ஊரு எழுதினாத்தான் அது ஊரு வண்டி.”

அவர் சொன்னதன் ஆழம் இந்த மண்ணின் வரலாறு அறிந்தோர்க்கு விளங்கும். நாம் குருமடத்தில் இறையியல் பயின்றுகொண்டிருந்த 1997-ஆம் ஆண்டில், வீரன் சுந்தரலிங்கம் பெயரில் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு போக்குவரத்துக் கழகத்தை அரசு தொடங்கிற்று. கட்டபொம்மன் படையில் தளபதியாயிருந்து 1799-இல் உயிர்நீத்த அவர், நமக்கு அருகிலுள்ள ஓட்டப்பிடாரத்தை அடுத்த கவர்னகிரியில், ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அப்பெயர் தாங்கிய வண்டியில் ஏறமாட்டோம் என்று எதிர்ப்பு எழுந்தது. தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கிவிட்டது. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டமானது அப்போதுதான். பேருந்து எங்கே நிற்கும், யாருக்காக நிற்கும் என்பது எங்கள் பக்கத்தில் வெறும் போக்குவரத்துக் கேள்வியன்று. மாரி செல்வராஜ் இயக்கி 2021-இல் வெளிவந்த ‘கர்ணன்’ திரைப்படம், பேருந்து நிற்காத ஓர் ஊரின் கதையாகவே அமைந்தது காரணமின்றியன்று.

அமெரிக்க நாட்டு மாண்ட்கோமரி நகரையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. 1955 டிசம்பரில், வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைது செய்யப்பட்டபோது, பெண்கள் இரவோடிரவாக ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளை உருட்டச்சில் எடுத்தார்கள். அந்நகரக் கறுப்பின மக்கள் 381 நாள்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தார்கள், வென்றார்கள். அதற்குத் தலைமையேற்ற 26 வயதுப் போதகர் மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரை உலகம் அறியும். ஆனால் நடந்த கால்கள் மக்களுடையவை.

எனவே நமது மனுவைக் கிழித்தோம். கூட்டம் சிற்றாலயத்தில் அன்று, பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூடிற்று. முதல் மாலையே சிக்கல் வெளிப்பட்டது. வண்டி இதுவரை வடக்குத் தெரு முகப்பிலேயே நின்று திரும்பியது. தெற்குத் தெருவினர் ஓடிவந்து சேர்வதற்குள் சில நாள் போய்விடும். அங்கே நிற்பதற்கே அவர்களுக்குக் கூச்சம். “எங்களுக்கும் ஒரு நிறுத்தம் இருந்தா கையெழுத்துப் போடுறோம்” என்றார்கள். குரல்கள் உயர்ந்தன. நம்மவர் என்று நாம் எண்ணியிருந்த சிலரே அன்று தலைகுனியவைக்கும் சொற்களைச் சொன்னார்கள். ஒரே அப்பத்தில் பங்குபெறுவோர் ஒரே நிறுத்தத்தில் நிற்க மறுப்பதை நாம் நேரில் கேட்டோம்; வழிபாட்டில் நாம் கட்டியெழுப்பியது எவ்வளவு என்று நம்மையே கேட்டுக்கொண்டோம். மூன்றாம் மாலையில், பள்ளி வாயிலில் வண்டி நிற்கட்டும் என்று ஓர் இளைஞன் சொன்னான். பள்ளி வாயில் யாருடைய தெருவும் அன்று. அங்கே எல்லார் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அதை மறுக்க யாருக்கும் வாய் வரவில்லை.

பிறகு வேலை எளிதாயிற்று. இரு தெருப் பெண்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தில், யார், எங்கே, எத்தனை மணிக்குப் போகிறார், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு வாரம் எழுதினார்கள். எழுதி முடித்ததும் ஓர் உண்மை தெரிந்தது: புதிய வண்டி கேட்க வேண்டியதில்லை; நாலரை மணி நடையை ஐந்தே முக்காலுக்குத் தள்ளினாலே போதும். 2022 அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபையில் அது தீர்மானமாயிற்று. தீர்மான நகலையும் நோட்டின் நகலையும் இணைத்து, திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் ஊரார் மனு கொடுத்தார்கள். வழித்தட அனுமதி வழங்கும் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்திற்கு மாவட்ட ஆட்சியரே தலைவர் என்பதை நாமும் அப்போதுதான் அறிந்தோம். நாம் கடைசி வரிசையில் நின்றோம். அதுவே நமக்குரிய இடமாக இருந்தது. நடுவரை விடாது நச்சரித்த கைம்பெண்ணைப் போல அவர்கள் மூன்று முறை போய் வந்தார்கள். 2023 ஜூனில் பள்ளி திறந்த வாரத்தில், மாலை வண்டி பள்ளி வாயிலில் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது வருவதில்லை. அதற்கான மனு நடந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பெண் கல்லூரிக்குத் திரும்பவில்லை. அதற்குள் அவளுக்குத் திருமணம் முடிந்திருந்தது. நாமே அதை நிறைவேற்றினோம். அவள் தங்கை இன்று அந்த வண்டியில் போய்வருகிறாள். தங்கையைக் காணும்போதெல்லாம் மகிழ்ச்சியும், அக்காளை நினைக்கும்போதெல்லாம் வருத்தமும் உண்டாகின்றன. ஒன்று மற்றொன்றை அழித்துவிடுவதில்லை.

இவ்வளவும் நடந்தபோது, யாரிடமும் மனு கொடுக்காமல் நம் கையாலேயே செய்யக்கூடிய ஒன்றும் இருந்தது. ஞாயிறு திருப்பலியை ஆறரை மணிக்கு மாற்றினோம், அறிவிப்புகளைக் குறைத்தோம், மறையுரையையும் சற்றுக் குறைத்தோம் என்று பங்கு மக்கள் சான்று பகர்வார்கள். திருப்பலியைக் குறிக்கும் ‘மிஸ்ஸா’ என்னும் இலத்தீன் சொல் அனுப்புதல் என்னும் பொருளுடையது என்று குருமடத்தில் படித்தோம். மக்களை அமைதியோடு சென்றுவர அனுப்புகிறவர், அவர்கள் எதில் ஏறிச் செல்வார்கள் என்று கேட்டறிவதும் அந்த வழிபாட்டைச் சேர்ந்ததுதான். வாசகர்கள் தத்தம் பங்கில் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

இப்போது அம்மூதாட்டி இறுதி ஆசீரைப் பெற்று, நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு, மெல்ல நடந்து பேருந்து நிலையம் போகிறார். எட்டுப் பத்து வண்டிக்கு இன்னும் நேரமிருக்கும்.