புத்தகம் இருக்கிறது, எடுத்துக் கொடுக்க ஆள்?

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. அதை ஒட்டிய தெருவில்தான் அந்த மாநகராட்சிப் பள்ளி. நூலகம் பார்க்க வேண்டும் என்றதும் ஆசிரியை ஒருவர் சாவிக்கொத்தோடு மாடிக்கு அழைத்துப் போனார். ஆய்வக அறையின் ஓரமாக மூன்று இரும்பு பீரோ. உள்ளே எல்லாம் நல்ல புத்தகங்கள். பாதிக்கு மேல் பிரித்தே பார்க்காதவை.

அவர் கணக்கு டீச்சர். நூலகம் கூடுதல் பொறுப்பு. "வாரத்துக்கு ஒரு பீரியட் இருக்குங்க. போர்ஷன் முடியலைன்னா அதையும் கணக்குக்கு எடுத்துக்கறேன். புக்கு தொலைஞ்சா நான்தான பதில் சொல்லணும்?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கீழ்த்தட்டில் வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் இருந்தன. 2023-ல் பள்ளிக் கல்வித் துறை கொண்டுவந்த வரிசை. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். அருமையான ஏற்பாடு. ஆனால் ஏழாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பையனை அடையாளம் கண்டு, அவன் கூச்சப்படாதபடி 'நட' புத்தகத்தைக் கையில் கொடுக்க ஓர் ஆள் வேண்டுமே.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும் என்கிறது. நாளிதழ், பருவ இதழ், கதைப் புத்தகம் வரை அதன் அட்டவணை சொல்கிறது. நூலகர் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனும் கணக்கு ஆசிரியராக இருந்தவர்தான். 1924-ல் வகுப்பறையை விட்டுவிட்டுச் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வாசகர்கள் தாங்களே தட்டுகளுக்குப் போய்ப் புத்தகம் எடுக்க வழி செய்தார். முழுநேரமும் அதிலேயே இருந்ததால் நடந்த காரியம் அது.

அங்கிருந்து ராயபுரம். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்று. இங்கே முழுநேர நூலகர் அம்மா ஒருவர் இருக்கிறார். மதியச் சாப்பாட்டு நேரம். பூட்டில்லாத தட்டுகள், தரையில் பாய். அவர் மேஜையில் ஒரு நீள நோட்டு, பிள்ளைக்கு ஒரு பக்கம். எந்தப் புத்தகம் பிடித்தது, எதைப் பாதியில் திருப்பிக் கொடுத்தார்கள் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.

காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவரின் மகன் வந்து நின்றான்.

"மிஸ், சுறா புக்கு முடிச்சிட்டேன்."

நோட்டைப் பார்த்துவிட்டு ஆமை பற்றிய புத்தகத்தை நீட்டினார்.

"பீச்சாண்ட செத்து ஒதுங்குச்சே, அதா மிஸ்? ஏன் மிஸ் செத்துச்சி?"

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. அந்த அம்மா பதில் சொல்லவில்லை. நாளிதழ்களில் வெட்டி ஒட்டி வைத்த கோப்பை எடுத்துக் கொடுத்தார். பையன் பாயில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தான். இழுவலையில் சிக்கும் ஆமை மூச்சுக்கு மேலே வர முடியாமல் சாகிறது என்ற இடத்தில் நிமிர்ந்தான். "எங்கப்பா போட்லயும் இந்த வலைதான் மிஸ்." ஆமை தப்பித்துப் போக வலையில் பொருத்தும் கருவியின் படம் அடுத்த பக்கத்தில் இருந்தது. அப்பாவிடம் காட்ட அதை நோட்டில் வரைந்துகொண்டான்.

எந்தப் பரீட்சைக்கும் இல்லாத இந்தப் பாடம் அவனுக்குக் கிடைத்ததற்குக் காரணம் அந்த நோட்டும் கோப்பும் அவற்றைப் பராமரிக்கிற ஆளும். அந்த அம்மாவுக்கு வருகிற மே மாதம் ஓய்வு. அந்த இடத்துக்கு ஆள் போடச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லையாம்.