பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்!

ராத்திரி ஒரு மணி இருக்கும். சமையலறையிலிருந்து 'கீச் கீச்' என்று சத்தம். மொபைல் டார்ச்சைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அம்மா விரித்து வைத்திருந்த பசை அட்டையில் ஒரு சுண்டெலி. நான்கு கால்களும் வயிறும் ஒட்டிக்கிடக்க, தலையை மட்டும் தூக்கி வெளிச்சத்தைப் பார்த்தது. டார்ச்சை அணைத்தேன். ரூமுக்கு வந்து இயர்போனை மாட்டிக்கொண்டு படுத்துவிட்டேன்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. சென்னையில் எங்களுடையது தரைத்தள வாடகை வீடு. ஒரு மாதமாக எலித் தொல்லை. பருப்பு பாக்கெட், லேப்டாப் சார்ஜர் ஒயர் என எதையும் விடவில்லை. குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்துபோன செய்தி 2024-ல் வந்ததிலிருந்து, அம்மாவுக்கு மருந்து என்றாலே பயம். "விஷமும் இல்ல, ரத்தமும் இல்ல. ஒட்டிக்கும், அப்படியே தூக்கிப் போட்டுடலாம்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, 60 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தார்.

காலையிலும் அது சாகவில்லை. ராத்திரி முழுக்க இழுத்துப் பார்த்ததில் ஒரு பக்கம் தோல் உரிந்திருந்தது. அட்டையின் மூலையில் ஒரு பல்லி வேறு. "ஐயோ, இது இன்னும் உசுரோட இருக்குடி" என்ற அம்மா, அன்று காபிகூட குடிக்கவில்லை. கடலை எண்ணெயைச் சுற்றிலும் ஊற்றி, துடைப்பக் குச்சியால் மெல்ல நெம்பினோம். பல்லி பிழைத்துக்கொண்டது. எலி மத்தியானம் செத்துப்போனது.

பசை அட்டை எலியைக் கொல்வதில்லை. பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மிச்ச வேலையைப் பசியும் தாகமும் மெதுவாகச் செய்ய வேண்டும். இல்லையென்றால் நாம் செய்ய வேண்டும்.

அன்று ஆபீஸில் வேலைக்கு நடுவே இதைப் பற்றித் தேடினேன். நியூசிலாந்தில் 2015 முதல் அரசின் அனுமதி இல்லாமல் இந்த அட்டையை விற்கவோ பயன்படுத்தவோ முடியாது. வேல்ஸ் 2023-ல் முழுவதுமாகத் தடை செய்துவிட்டது. இங்கிலாந்தில் 2022-ல் நிறைவேறிய சட்டம், 2024 ஜூலை 31 முதல் அமலில் இருக்கிறது. உரிமம் பெற்றவர்களைத் தவிர வேறு யாரும் எலி பிடிக்க இதை வைக்கக் கூடாது. அந்தச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. யாரோ வைத்த அட்டையைப் பார்த்துவிட்டு, தக்க காரணம் இல்லாமல் அப்படியே விட்டுப் போனால் அதுவும் குற்றம். அதைப் படித்ததும் அந்த ஒரு மணி டார்ச் வெளிச்சம் ஞாபகத்துக்கு வந்தது.

நம் நாட்டில்? விலங்குகளுக்குத் தேவையில்லாத வலி கொடுப்பது, 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் வரக் காரணமாக இருந்தவர், நம் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். அதன்படி அமைந்த விலங்குகள் நல வாரியம், பசை அட்டைகளைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. பல மாநிலங்கள் சுற்றறிக்கையும் விட்டன. ஆனால் சட்டத்தில், முதல்முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். அட்டையின் விலையே அதைவிட அதிகம்!

எலியைக் கொஞ்சச் சொல்லவில்லை. எலிக்காய்ச்சல் நிஜமான ஆபத்து. ஆனால் அதற்கும் இந்த அட்டை தீர்வில்லை. உயிரோடு மாட்டிய எலி பயத்தில் சிறுநீர் கழிக்கும். அதிலிருந்து நோய் தொற்றலாம் என்பதால், அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே இதைப் பரிந்துரைப்பதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் அரிசி எவர்சில்வர் டிரம்முக்குப் போய்விட்டது. சிங்க்குக்குக் கீழே குழாய் நுழையும் ஓட்டையில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து, சிமென்ட் பூசினோம். கதவுக்கு அடியில் தகடு அடித்தோம். எல்லாம் சேர்த்து 400 ரூபாய்கூட ஆகவில்லை. எலி வரத்து நின்றுவிட்டது.

போன வாரம் மாடிப்படிக்கு அடியில் அதே அட்டை விரிந்து கிடந்தது. எலி எதுவும் மாட்டவில்லை. ஆபீஸுக்கு லேட் ஆகிவிட்டது, தாண்டிப் போயிருக்கலாம். மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். "அக்கா, ஒரு நிமிஷம் பேசணும்..."