பன்னிரண்டரை டொலர் இலாபம்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போய்வரும் தாய்மார், திரும்பி வந்ததும் அங்கே கண்ட புதினங்களைச் சொல்வது வழக்கம். நானும் 2019ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருக்கும் மகளிடம் மூன்று மாதம் போய் நின்றேன். வந்தபின் அயலாரிடம் கடற்கரையைப் பற்றியும் கடைகளைப் பற்றியும் நிறையச் சொன்னேன். லாஸ் வேகஸ் நகரத்து உணவகம் ஒன்றில் நடந்ததை மட்டும் எவரிடமும் சொல்லவில்லை. இன்று அதைச் சகோதரிகளிடம் சொல்ல மனம் வந்திருக்கிறது.

அந்த வருடம் மருமகனுக்கு வேலை நேரத்தைக் குறைத்திருந்தார்கள். வீட்டில் காசுக்கு இறுக்கம். ஆனாலும் பேத்தியின் பதினோராவது பிறந்தநாளுக்கு அவளை லாஸ் வேகஸ் கூட்டிப் போவதாக முன்பே சொல்லி வைத்திருந்ததால், பாடசாலை விடுமுறையில் போய் இரண்டு இரவு தங்கிவர முடிவு செய்தார்கள். பிறந்தநாள் முடிந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. பாலைவனத்தின் ஊடாக நானூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். அந்த வருடம் நாலு கோடிக்கும் அதிகமான உல்லாசப் பயணிகள் போய் வந்த நகரம் அது.

அங்கே போனால் ஒருமுறையாவது புஃபே சாப்பிட வேண்டும் என்று பேத்தி கேட்டிருந்தாள். ஒருதடவை காசு கட்டிவிட்டு உள்ளே போனால், வேண்டியதை வேண்டிய மட்டும் எடுத்துச் சாப்பிடலாம். அந்த நகரத்தில் இந்த வழக்கத்தைத் தொடக்கியது, 1941இல் திறக்கப்பட்ட எல் ராஞ்சோ வேகஸ் என்ற ஹோட்டல் என்று சொல்கிறார்கள். 1940களில் அங்கே ஒரு டொலருக்கு வயிறு நிறையச் சாப்பாடு போட்டார்களாம். தர்ம சிந்தையால் அல்ல. சூதாட வந்தவர்கள் பசி வந்ததும் எழுந்து வேறு இடம் போய்விடக் கூடாது என்பதற்காக. சாப்பாட்டில் வரும் நட்டத்தைச் சூதாட்ட மேசை ஈடு செய்துவிடும். இப்போதும் பல ஹோட்டல்களில் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போவதென்றால் சூதாட்ட இயந்திரங்களைக் கடந்துதான் போக வேண்டும். பிள்ளைகளும் அந்த வழியால் நடந்து போகலாம், ஆனால் நிற்கக் கூடாது.

திருநெல்வேலிச் சந்தையில் ஒரு பிடி கீரைக்கும் விலை பேசி வாங்கிப் பழகியவள் நான். எங்கே மலிவு என்று தேடிப் பார்க்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். மகள் கணினியில் ஒவ்வொன்றாகக் காட்ட, நான் ஒரு கொப்பியில் குறித்தேன். சனி, ஞாயிறை விட வாரநாட்களில் விலை குறைவு. இரவுச் சாப்பாட்டை விட மதியம் குறைவு, மதியத்தை விடக் காலை குறைவு. மதிய விலை முடிவதற்குச் சற்று முன்னர் உள்ளே போனால், மதிய விலையைக் கட்டிவிட்டு, மாலையில் வரும் விசேட உணவுகளையும் சாப்பிடலாம். இதைத் தெரிந்துதானோ என்னவோ, சில இடங்களில் இத்தனை மணித்தியாலத்துக்குமேல் இருக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். சூதாட்ட நிலையத்தின் இலவச அங்கத்துவ அட்டை இருந்தால் சிலவற்றில் விலைக்கழிவு உண்டு. பயணிகளுக்குக் கொடுக்கும் சிறு பத்திரிகைகளில் ஒருவருக்குக் கட்டினால் இன்னொருவருக்கு இலவசம் என்று கூப்பன்களும் வரும். பெரிய ஹோட்டல்கள் நிறைந்த பிரதான வீதியை விட்டு, உள்ளூர்க்காரர் சாப்பிடும் பக்கம் போனால் இன்னும் மலிவு.

இப்படித் தேடி ஓர் இடத்தைத் தெரிவு செய்தேன். வாரநாள் மதியத்தில் பெரியவர்களுக்கு 25 டொலர். நாலு வயது முதல் பத்து வயது வரை பாதி விலை. அன்றைய கணக்கில் 25 டொலர் நாலாயிரத்து ஐந்நூறு ரூபா. அந்தக் காசுக்கு ஊரில் ஒரு கிழமைச் சமையல் முடிந்துவிடும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

வரிசையில் நிற்கும்போது விலைப்பலகையைப் பார்த்தேன். பேரனுக்கு ஆறு வயது, அவனுக்குப் பாதி விலை. பேத்தி பதினொன்று. மூன்று கிழமையால் பன்னிரண்டரை டொலர் போகிறதே! மகள் பேரனைக் கழுவறைக்குக் கூட்டிப் போயிருந்தாள். மருமகன் கையில் காசு அட்டையுடன் முன்னே நின்றார். காசாளராக இருந்த வயதான பெண், பேத்தியைப் பார்த்துச் சிரித்து, உனக்கு எத்தனை வயது என்று கேட்டார். பேத்தி வாய் திறக்க முன்னர் நான், "டென்" என்றேன். அந்த மூன்று மாதத்தில் அந்நியர் ஒருவரிடம் தடுமாறாமல் நான் சொன்ன ஒரேயொரு ஆங்கிலச் சொல் அதுதான். மருமகன் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாமியைப் பொய்காரி ஆக்க அவருக்கு மனம் வரவில்லைப் போலும், பேசாமல் காசைக் கட்டினார்.

உள்ளே சாப்பாடு மலைபோல் குவிந்திருந்தது. முதலில் பாண், சலாது, பாஸ்தா, சோறு. நண்டுக்கால், இறால், வெட்டி வெட்டிக் கொடுக்கும் இறைச்சி எல்லாம் கடைசியில். வயிறு மலிவான உணவால் நிறைந்த பிறகுதான் கால் அங்கே போகும். கட்டிய காசை மீட்க வேண்டும் என்று நான் இரண்டு தட்டம் நிறைய எடுத்தேன். பசி அடங்கிய பிறகும் எழுந்து போய் எடுத்தேன். மருந்துக் குளிசை குடிக்கும் நீரிழிவுக்காரி நான். அதையும் மறந்து மூன்று வகைப் புடிங் சாப்பிட்டேன்.

பேத்தியின் தட்டத்தில் ஒரு பணிஸ் மட்டும் இருந்தது. அதையும் அவள் பிய்த்துப் பிய்த்து வைத்திருந்தாள்.

"ஏன் பிள்ளை சாப்பிடேல்லை? காசு கட்டினதெல்லோ?" என்றேன்.

"அம்மம்மா, நான் கேக் வெட்டேக்க நீங்களும்தானே நிண்டீங்கள்? பதினொரு மெழுகுதிரியையும் நீங்கள்தானே கொளுத்தினீங்கள்?" என்றாள். கண் நிறைந்திருந்தது. "அந்த அன்ரி திரும்பவும் கேட்டா நான் என்ன சொல்ல?"

மகள் விசயத்தைக் கேட்டு அறிந்தாள். என்னை ஏசப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஏசவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா, சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்திலை நீங்கள் வாங்கின அஞ்சாவது பார்சல் எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு" என்றாள்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தில் இருந்து இலட்சக்கணக்கான சனங்கள் இரவோடு இரவாக வெளிக்கிட்டதை நம் சகோதரிகள் பலர் அறிவீர்கள். நாங்களும் மழைக்குள் நடந்து தென்மராட்சிக்குப் போய், ஒரு பாடசாலையில் தங்கினோம். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒருநாள் தொண்டர்கள் ஆளுக்கொரு சோற்றுப் பார்சல் கொடுத்தார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்க, நாலு பேராய் இருந்த நாங்கள் ஐந்து என்று சொன்னேன். அந்த ஐந்தாவது பார்சலை அன்றிரவு பிள்ளைகள் இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தேன். எனக்குப் பின்னால் நின்றவர்களுக்கு முழுதாகக் கிடைத்ததா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதை மகள் கவனித்திருந்தாள் என்பதே இருபத்து நாலு வருடம் எனக்குத் தெரியாது.

"அண்டைக்கு எங்களுக்குப் பசி அம்மா. அதை நான் ஒருநாளும் பிழை எண்டு நினைக்கேல்லை. இண்டைக்கு எங்களுக்கு என்ன?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. மகள் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு காசாளரிடம் போனாள். மிச்சக் காசைக் கட்டிவிட்டு வந்தார்கள். அந்தப் பெண் என்ன சொன்னார் என்று கேட்டேன். "பிந்தின பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னவ" என்று பேத்தி சொல்லிவிட்டு, புதுத் தட்டம் எடுத்துக்கொண்டு ஓடினாள். அதன் பிறகு அவள் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்தே என் வயிறு நிறைந்தது. வாங்கின காசுக்கு என் உடம்பும் கணக்குத் தீர்த்தது. அன்றிரவு சீனி ஏறி, நா வறண்டு, அறையில் தண்ணீர் குடித்தபடி விடியும்வரை விழித்திருந்தேன்.

திரும்பும் வழியில், மிஞ்சும் சாப்பாடெல்லாம் எங்கே போகும் என்று மருமகனிடம் கேட்டேன். நகரின் வடபுறத்தில் இருந்த ஒரு பன்றிப் பண்ணை, 1960களில் தொடங்கிப் பல வருடங்களாக ஹோட்டல் மிச்சங்களை எடுத்து, அவித்துப் பன்றிகளுக்குப் போட்டு வந்ததாம். 2007இல் தொடங்கிய "திறீ ஸ்குயார்" என்ற உணவு வங்கி, விருந்துகளில் பரிமாறாமல் மிஞ்சும் உணவை ஹோட்டல்களில் இருந்து சேகரித்து ஏழைகளுக்குக் கொடுக்கிறது என்றும் சொன்னார். மூன்று வேளையும் முழுச் சாப்பாடு என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அவ்வளவு சாப்பாடு குவிந்த ஊரிலும் பசித்தவர்கள் இருக்கிறார்கள். நான் எடுத்து, சாப்பிடாமல் விட்ட மூன்றாவது தட்டம் என் கண்முன் வந்தது.

2020இல் கொரோனா வந்தபோது அந்த நகரத்துப் புஃபேக்களை எல்லாம் மூடினார்கள். பல மீண்டும் திறக்கவே இல்லை. திறந்தவற்றிலும் பெரிய ஹோட்டல்களில் விலை நன்றாக ஏறிவிட்டது என்று மகள் சொல்கிறாள். என் கொப்பியில் உள்ள விலைகள் இனி எவருக்கும் உதவாது. ஆனால் பிள்ளைகளிடம் போகும் சகோதரிகளுக்குச் சிலதைச் சொல்லலாம். வாரநாளில் போங்கள், மதியத்தில் போங்கள், கூப்பன் இருந்தால் கூச்சப்படாமல் நீட்டுங்கள். முதலில் வெறுங்கையுடன் ஒரு சுற்று நடந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். தட்டம் எடுத்துச் செல்லும் பெண்ணுக்கு இரண்டொரு டொலர் வைத்துவிட்டு வாருங்கள். சிக்கனம் நல்லது, அதில் வெட்கம் இல்லை.

பிள்ளையின் வயதை மட்டும் பிள்ளையே சொல்லட்டும்.