சத்தம் போடாத பஸ்

பஸ் என்றாலே எனக்கு வயிற்றைப் புரட்டும். பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர், வாழ்க்கைப்பட்டது ராஜபாளையம். இரண்டு ஊருக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதற்கே கையில் ஒரு எலுமிச்சம்பழம் இல்லாமல் ஏறமாட்டேன். டீசல் வாடையும் அந்த உதறலும் சேர்ந்து மம்சாபுரம் விலக்கு வருவதற்குள் என்னை ஒரு வழி பண்ணிவிடும். "தாய் வீட்டுக்குப் போறவ முகமா இது?" என்று எங்க வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அப்படிப்பட்ட நான் போன மார்கழியில், 2025 டிசம்பரில், விசாகப்பட்டினத்தில் பஸ் ஏறி ஊர் சுற்றிப் பார்த்தேன். பார்ப்பதற்காக ஏறவில்லை. என் மகளுக்கு வைத்தியமாக ஏறினேன். அந்தக் கதையைச் சொன்னால்தான் பஸ் கதையும் புரியும்.

மகளை அங்கே வேலையிலிருக்கும் பையனுக்குக் கொடுத்திருக்கிறோம். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு அழைத்துவர எல்லா ஏற்பாடும் செய்தாயிற்று. ரத்த அழுத்தம் ஏறிப்போய், "இவ்வளவு தூரம் ரயிலில் அனுப்ப முடியாது" என்று டாக்டரம்மா மறுத்துவிட்டார். பொதிகையில் சென்னை போய், அங்கிருந்து இன்னொரு ரயிலில் ஒரு முழு இரவு போகவேண்டும். சரி, பெண் வரமுடியாவிட்டால் தாய் போகவேண்டியதுதான் என்று சுக்கு, மிளகு, திப்பிலி, பூண்டு, பழைய வேட்டித் துணி எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தேன். அக்டோபர் முதல் வாரத்தில் ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது.

எங்கம்மா எனக்குச் செய்ததையெல்லாம் நான் அவளுக்குச் செய்தேன். காதில் பஞ்சு, தலையில் துண்டு, ஃபேன் கூடாது, ஜன்னல் திறக்கக்கூடாது. தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுத்தேன், வயிறு பெருத்துவிடும் என்று. (அதற்கு டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி. பால் கொடுக்கிறவள் தாகத்துக்குத் தாராளமாகக் குடிக்கவேண்டுமாம். நீங்களாவது அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.)

அவள் அழ ஆரம்பித்தாள். பிள்ளை அழுதால் அழுதாள், பிள்ளை தூங்கினாலும் அழுதாள். சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை. "பெத்தவ அழுதா பால் வத்திப் போகும்டி" என்று அதட்டினேன். ஒரு மாதத்துக்குமேல் இப்படியே போயிற்று. ஒரு ராத்திரி, குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, "இத நீயே வெச்சுக்கோம்மா, எனக்கு வேண்டாம்" என்றாள். நான் அப்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அதை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. பெற்ற தாய் சொல்லக்கூடாத வார்த்தை. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மாப்பிள்ளைதான் அவளை டாக்டரிடம் அழைத்துப்போனார். பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் தானே சரியாகிவிடும், அதற்கு மேலும் நீடித்தால் அது நோய், திமிர் இல்லை என்று டாக்டரம்மா எனக்கும் சேர்த்துச் சொன்னார். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி பிரசவித்த பெண்களில் 100-க்கு 13 பேருக்கு மனம் இப்படிச் சீர்கெடுகிறதாம். நம்மைப் போன்ற நாடுகளில் 20 பேர் வரைக்கும். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரை எழுதினார். "தினம் கொஞ்ச நேரம் வெளியே கூட்டிட்டுப் போங்க. அறையிலேயே பூட்டி வைக்காதீங்க" என்றும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெளியே என்றால் எங்கே போவது? அந்த ஊர் மேடும் பள்ளமும்தான். ஒரு தெரு மலையில் ஏறும், அடுத்த தெரு கடலில் போய் இறங்கும். நம் ஊருக்கு மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரி அவர்களுக்குக் கிழக்குத் தொடர்ச்சி மலை. என்ன, நம் மலை தூரத்தில் நீலமாக நிற்கும். அங்கே வாசலிலேயே நிற்கிறது. வயிற்றில் தையல் போட்டவளை அந்த மேட்டில் நடக்கவைக்க எனக்குப் பயம்.

எதிர் வீட்டில் ரிடையரான டீச்சரம்மா ஒருவர். அவர்தான் வழி சொன்னார். கடற்கரையோரமாக மின்சார மாடி பஸ் விட்டிருக்கிறார்கள், 2025 ஆகஸ்டில் ஆரம்பித்தது, ஆர்.கே. பீச்சிலிருந்து தொட்லகொண்டா வரை 16 கிலோமீட்டர், எங்கே வேண்டுமானாலும் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம் என்றார். "நானும் வர்றேன், எல்லாம் காட்டறேன்" என்று தானே கிளம்பிவிட்டார். டிக்கெட் 500 ரூபாய், அதில் பாதியை அரசாங்கம் ஏற்றுக்கொண்டு நமக்கு 250. ஏறின நேரத்திலிருந்து 24 மணி நேரம் செல்லும். பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலா என்று எனக்கு உதறல். முன்பு சொன்ன அந்த வார்த்தைக்குப் பிறகு எதையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

மூன்று மணிக்கு ஏறினோம். மாப்பிள்ளை, டீச்சரம்மா, மகள், நான். கீழ்த்தட்டிலேயே உட்கார்ந்தோம். வழக்கம்போல் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "பஸ் எப்ப எடுப்பாங்க?" என்று கேட்டேன். மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "கிளம்பி ரெண்டு நிமிஷம் ஆச்சு அத்தை!"

நிஜமாகவே தெரியவில்லை, பாருங்கள். உறுமல் இல்லை, உதறல் இல்லை, புகை வாடை இல்லை. "உங்க வீட்டு கிரைண்டர்ல ஓடற மாதிரி மோட்டார்தான் அத்தை, கொஞ்சம் பெரிசு. இதுல ஒரு விசேஷம், இறக்கத்துல வரும்போது சக்கரமே மோட்டாரைச் சுத்தும். அதுல உண்டாகிற கரன்ட் திரும்ப பேட்டரிக்கே போயிடும்" என்றார். மேட்டில் செலவழித்ததில் கொஞ்சத்தைப் பள்ளத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். சரியான குடும்பக் கணக்கு! மேடும் பள்ளமுமான ஊருக்கு ஏற்ற வண்டிதான். எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிசாகத் தெரிந்தது, குழந்தை தூங்கிக்கொண்டே வந்ததுதான். எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டுவிட்டேன்.

டீச்சரம்மா விளக்கிக்கொண்டே வந்தார். தெற்கே கடலுக்குள் மூக்கை நீட்டியிருக்கும் மலைக்கு டால்பின் நோஸ் என்று பேர். அதன் உச்சியில் கலங்கரை விளக்கம். அந்த மலை காற்றையும் அலையையும் தடுத்து நிற்பதால்தான் விசாகப்பட்டினம் துறைமுகம் பத்திரமாக இருக்கிறது என்றார். கடற்கரையில், தரைக்கு மேலே நிறுத்தி வைத்திருக்கிறது ஒரு நீர்மூழ்கிக் கப்பல், 'குர்சுரா' என்று பேர். ரஷ்யாவில் கட்டி 1969-ல் நம் கடற்படையில் சேர்ந்து, 1971 யுத்தத்தில் கடலில் இருந்து, 2001-ல் ஓய்வு பெற்று, 2002-லிருந்து காட்சிசாலை. முன்னூறு அடி நீளம். 75 பேர் அதற்குள் இருந்து வேலை பார்த்தார்களாம்.

அப்போதுதான் என் மகள் வாயைத் திறந்தாள். "இதுக்கு ஜன்னலே கிடையாதா டீச்சர்?"

"கிடையாது, தல்லி. தண்ணிக்குள்ள போறதுக்கு ஜன்னல் எதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. நாற்பது நாள் அவள் அறை ஜன்னலைத் திறக்க விடாதவள் நான்தான்.

டீச்சரம்மாவோடு நான் பேசிய தெலுங்கைப் பற்றியும் சொல்லவேண்டும். ராஜபாளையத்தில் ராஜுக்கள் வீட்டில் தெலுங்குதான். நூற்றாண்டுகளுக்கு முன் ஆந்திரப் பக்கமிருந்து வந்தவர்கள். அக்கம்பக்கத்தில் பழகி எனக்கும் தொற்றிக்கொண்டது. அந்தத் தெலுங்கை நம்பி நான் வாயைத் திறந்தால் விசாகப்பட்டினத்தில் காய்கறிக்காரி முதல் எல்லாரும் சிரிக்கிறார்கள். டீச்சரம்மா மட்டும் சிரிக்காமல், "எந்த ஊர் தெலுங்கு இது?" என்று கேட்டார். ராஜபாளையம் என்றேன். தெரியவில்லை. "பிறந்த ஊர் பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்" என்றதுதான் தாமதம், என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கோதாதேவி ஊரா!"

ஆண்டாளைத்தான் அவர்கள் கோதாதேவி என்கிறார்கள். கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய 'ஆமுக்தமால்யதா' காவியம் நம் ஆண்டாள் கதையைச் சொல்கிறதாம். சூடிக் கொடுத்தவள் என்றுதான் அந்தப் பேருக்கே அர்த்தம். அதே ராயர் 1516-லும் 1519-லும் விசாகப்பட்டினத்து சிம்மாசலம் கோயிலுக்குக் காணிக்கை கொடுத்தது அங்கே கல்வெட்டில் இருக்கிறதாம். மார்கழியில் ஆந்திரத்துப் பெருமாள் கோயில்களிலும் திருப்பாவையைத் தமிழிலேயே சேவிக்கிறார்கள் என்றார். பெரிய கோபுரத்தின் நிழலில் ஓடி விளையாடி, பத்தாவது வரை அந்த ஊரிலேயே படித்த எனக்கு இதில் பாதி தெரியாது. ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே எங்கள் ஊர்ப் பெண்ணை இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான்தான் அன்னிய ஊர் என்று மூன்று மாதமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

தென்னேட்டி பார்க் தாண்டும்போது, 2020 அக்டோபரில் பங்களாதேஷ் சரக்குக் கப்பல் ஒன்று புயல் காற்றில் அங்கே கரை தட்டிய கதையைச் சொன்னார். அப்புறம் கைலாசகிரி, ருஷிகொண்டா. மலை ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். ருஷிகொண்டா தாண்டினதும் குழந்தை விழித்து வீல் என்று கத்தினாள். புட்டிப்பாலை எடுக்கப் பையைத் துழாவினேன். அதற்குள் மகள் கையை நீட்டினாள். வாங்கித் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள். அவளாகக் கேட்டு வாங்கிப் பால் கொடுத்து எத்தனையோ நாளாகியிருந்தது. மாப்பிள்ளை ஒன்றும் பார்க்காதவர் மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா."

"என்ன கண்ணு?"

"நான் பிறந்தப்ப நீ அழுதியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் ஒரு இருட்டறை. தொழுவத்தில் மாடு கத்தும்போதெல்லாம், யாருக்கும் கேட்காது என்று நானும் சேர்ந்து அழுதிருக்கிறேன். ஒரு நாள் எங்கம்மா பார்த்துவிட்டு, "பால் வத்திப் போகும்டி" என்றார்கள். இருபத்து நான்கு வருஷமாக அதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அதே வார்த்தையை எடுத்து இவள் தலையில் போட்டிருக்கிறேன்.

"அழுதேன். நிறைய அழுதேன். ரெண்டு மாசம் இருக்கும்."

"அப்ப ஏன் என்னைத் திட்டினே?"

"எனக்கு வேற ஒண்ணும் தெரியலடா."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அவளுடைய இன்னொரு கையை என் மடியில் வைத்துக்கொண்டேன், விலக்கவில்லை.

தொட்லகொண்டாவில் இறங்கினோம். மலையில் ஏறவில்லை, டீச்சரம்மா கீழேயிருந்தே சொன்னார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் பௌத்த பிட்சுக்கள் இருந்த இடம். 1976-ல் கடற்படைக்காரர்கள் விமானத்தில் சர்வே எடுத்தபோதுதான் கண்ணில் பட்டது. மலைப்பாறையைக் குடைந்து மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தொட்டிகளால்தான் தொட்லகொண்டா, தொட்டி மலை. நம் வார்த்தையேதான். தண்ணீர்த் தொட்டி என்றால் எந்த நூற்றாண்டிலும் இல்லத்தரசிக்குப் புரியும்!

திரும்பும்போது மகள், "மேல் மாடியில உக்காரலாம்" என்றாள். தையல், படி, குழந்தை என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவள் பாதி ஏறிவிட்டாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் கம்பியைப் பிடித்தபடி ஏறினேன். என் வாழ்நாளில் முதல் மாடி பஸ். அந்த ஊரில் டிசம்பரில் ஐந்தரைக்கே இருட்டிவிடுகிறது. கடல் கறுத்துப்போய், தூரத்தில் கப்பல் விளக்குகள் மட்டும் தெரிந்தன. வயிற்றைப் புரட்டவே இல்லை.

ஒரு பஸ் பிரயாணத்தில் குணமாகிவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகும் அழுதாள். மாத்திரை பங்குனிக்கும் தொடர்ந்தது. நான்கு மாதம் டாக்டரம்மாவிடம் நடந்தோம். உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்து, டாக்டரிடம் போகத் தயக்கமாக இருந்தால், 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 'டெலி மானஸ்' என்று 2022-ல் அரசாங்கம் ஆரம்பித்தது, காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். எனக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். மகள் டிக்கெட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, நாளைக்கு மூணு மணி வரைக்கும் இது செல்லும்ல?"

"செல்லும்."

மறுநாள் சாப்பிட்ட கையோடு ஒரு மணிக்கே கிளம்பிவிட்டோம். குழந்தையை அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள்.