சில வினாடி மங்கிய விண்மீன்

ஆலங்காயத்தைத் தாண்டியதும் சாலை ஜவ்வாது மலைக் காட்டுக்குள் நுழைகிறது. காவலூர் 725 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் பெருநகரம் எதுவும் இல்லாததால் இருட்டு இன்னும் கெட்டுப்போகவில்லை. ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்துக்குப் போயிருந்தேன்.

கூட்டம் நேராகப் பெரிய டோமுக்குப் போனது. 2.34 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி, திறக்கப்பட்டது 1986-இல். அதற்காகப் பாடுபட்ட வானியலாளர் வைணு பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார். அண்ணாந்து பார்க்கையில் அந்த நினைப்பே மனத்தை அழுத்தியது.

நான் தேடி வந்தது சிறியதை. 1972-இல் நிறுவிய 1 மீட்டர் ‘ஸைஸ்’ (Zeiss) நிறுவனத் தொலைநோக்கி. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனுக்குக் குறுக்கே வரவிருந்தது. வானியலாளர்கள் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் இந்தத் தொலைநோக்கியை அதன்மேல் திருப்பிக் காத்திருந்தார்கள். கோள் வந்து சேருமுன்பே விண்மீனின் ஒளி சில வினாடி மங்கி, மீண்டது. யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் என்று கருதினார்கள். மற்ற இடங்களில் எடுத்த பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது, குறுக்கே வந்தது வளையம் என்று தெரிந்தது. ஏதோ இருக்கிறது என்றது சரி. இன்னது என்றதுதான் மாறியது. கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் கரும்பொருளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரவுதான் நினைவுக்கு வரும்.

இருட்டியபின் வெளியே நின்றேன். வடக்கே, உயரத்தில், ஊதினால் கலைந்துவிடும் பஞ்சுபோல ஆண்ட்ரோமீடா கேலக்ஸி. 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவு, வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது! அதன் சுழற்சியைத்தான் வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் அளந்து 1970-இல் வெளியிட்டார்கள். சூரியனுக்கு அருகிலுள்ள புதன் வினாடிக்கு 47 கிலோமீட்டர் ஓடுகிறது. தொலைவிலுள்ள நெப்டியூனுக்கு 5 சொச்சம்தான். கேலக்ஸியின் ஓரத்திலும் வேகம் அப்படிச் சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை. ஓரத்திலும் வினாடிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களின் ஈர்ப்பு மட்டும் இந்த ஓட்டத்தைப் பிடித்து வைத்திருக்கப் போதாது.

பொருள் மறைந்திருக்கிறதா, விதி தவறா? இரண்டுமே முன்பு நடந்திருக்கின்றன. யுரேனஸ் தடம் பிசகியபோது, தெரியாத கோள் ஒன்று இழுக்கிறது என்று கணக்குப் போட்டார் வானியலாளர் லெ வெரியே. 1846-இல் நெப்டியூன் அகப்பட்டது. புதனின் பாதை பிசகியபோதும் அவர் அதையே சொன்னார். ‘வல்கன்’ என்று பெயரும் வைத்துத் தேடினார்கள். அப்படி ஒரு கோளே இல்லை. 1915-இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விதியைத் திருத்தியபோதுதான் புதனின் கணக்கு நேரானது.

என் ஊகம் இது: கரும்பொருள் நெப்டியூன் கதை. ‘புல்லட்’ கொத்தில் இரண்டு கேலக்ஸிக் கூட்டங்கள் மோதியபோது வாயு நடுவிலேயே சிக்கிக்கொண்டது. ஆனால் பின்னாலிருந்து வரும் ஒளியை வளைக்கும் ஈர்ப்போ கேலக்ஸிகளோடு இருபுறமும் விலகிப் போயிருக்கிறது. விதியை மட்டும் திருத்தி இதை விளக்குவது மிகக் கடினம். கரும் ஆற்றல் வேறு. பிரபஞ்ச விரிவு வேகம் கூடுகிறது என்று 1998-இல் தெரிந்ததும் வந்த பெயர் அது. பிரபஞ்சத்தில் 68 விழுக்காடு என்கிறார்கள். அங்கே நாம் வல்கனைத் தேடிக்கொண்டிருக்கிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. கரும் ஆற்றல் காலப்போக்கில் வலுக்குறையலாம் என்று, கேலக்ஸிகளை அளக்கும் ‘டெசி’ (DESI) ஆய்வு அண்மையில் கோடிகாட்டியிருக்கிறது. இன்னும் உறுதியாகவில்லை, எனக்கோ அதைப் படித்த நாளிலிருந்து தூக்கம் பிடிக்கவில்லை.

பாதை தெரிவதற்காகக் கைப்பேசி விளக்கைப் போட்டேன்.

“சார், லைட்டை அணைச்சிடுங்க. டோம் திறக்கப் போறாங்க,” என்றார் ஊழியர்.

அணைத்தேன். கதவு நகரும் உறுமல் கேட்டது.